முதல் கூட்டத்திற்கு உடன் செல்வோம்

(சித்திரபுரத்தில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தேயிலைத் தோட்டங்களிலும் மின்நிலையக் குடியிருப்புகளிலும் கட்சி வேலை செய்வோருக்கு மதுவின் தீமையைப் பற்றி எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சம்பள நாள் மாலையில் லயத்தின் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது கிளைச் செயலாளருக்குத் தெரியும். போனஸ் வாங்கிய கையோடு காணாமற்போய், மூன்றாம் நாள் தலைகுனிந்து திரும்பும் தொழிலாளியைச் சங்கத் தோழர்கள் அறிவார்கள். ஆகவே மதுவின் கேடுகளை இந்த உரை விவரிக்கப் போவதில்லை. கடைகளை மூடுவதா, திறப்பதா என்னும் விவாதத்தையும் இங்கே தொடரப் போவதில்லை.

எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. ஆனால் விடை சொல்லக் கடினமானது. ஒரு தொழிலாளி, ஒருவேளை நமது கட்சி உறுப்பினரே, ஒரு நாள் காலையில் வந்து நிற்கிறார். "தோழர், நிறுத்த வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், என்னால் முடியவில்லை" என்கிறார். அந்தக் காலையில் கிளை என்ன செய்ய வேண்டும்?

வழக்கமாக நடப்பவை மூன்று. அறிவுரை கூறப்படும், சத்தியம் வாங்கப்படும், சத்தியம் முறிந்தால் நடவடிக்கை எடுக்கப்படும். மூன்றும் நல்ல எண்ணத்துடனேயே செய்யப்படுகின்றன. ஆயினும் மூன்றிலும் அந்த மனிதர் தனியாகவே விடப்படுகிறார். கேட்பவரும் தண்டிப்பவரும் ஒரு பக்கம். அவர் மறு பக்கம். அவருடைய பக்கத்தில் வந்து அமர எவரும் இல்லை.

அறிவுரையின் எல்லை

கள்ளுண்ணாமை திருக்குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். மயக்கத்தில் இருப்பவனிடம் நியாயம் பேசித் திருத்த முற்படுவதை, ஆழத்தில் மூழ்கிவிட்ட ஒருவனை விளக்கோடு நீருக்குள் தேடப் போவதற்கு ஒப்பிடுகிறது அதன் ஒன்பதாம் குறள். விளக்கு நல்லதுதான், தேடுபவரின் எண்ணமும் நல்லதுதான். ஆனால் நீருக்குள் தீ எரியாது.

இன்றைய மருத்துவம் இதனை வேறு சொற்களில் கூறுகிறது. நீண்ட காலம் மிகுதியாகக் குடிப்பவரின் மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகி, அது இல்லாமல் இயங்கத் தடுமாறுகின்றன. இந்நிலையே குடிநோய். இத்தகையவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு இடமும் நேரமும் தெரியாத குழப்பம் உண்டாகும். இல்லாதவை கண்முன் தோன்றும். சிகிச்சையின்றி விட்டால் உயிர் போகவும் கூடும். எனவே, நாள்தோறும் குடித்துவந்த ஒருவரிடம் "இன்றோடு விட்டுவிடு" என்று சொல்லிக் கதவைப் பூட்டிவைப்பது ஆபத்தானது. உணவில் அவருக்குத் தெரியாமல் ஏதேனும் மருந்தைக் கலந்து கொடுப்பது அதைவிட ஆபத்தானது. முதலில் செல்ல வேண்டிய இடம் மருத்துவரிடம். இங்கே சித்திரபுரத்திலேயே அரசின் சமூக சுகாதார மையம் இருக்கிறது.

கேரளம் இந்த உண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கினால் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. மது கிடைக்காத தவிப்பில் சிலர் தற்கொலை செய்துகொண்டனர். மருத்துவரின் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று மார்ச் 30 அன்று மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் இதனை எதிர்த்தன. ஏப்ரல் 2 அன்று உயர்நீதிமன்றம் ஆணைக்குத் தடை விதித்தது. கடை மூடப்பட்டாலும் நோய் மூடப்படுவதில்லை என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது.

முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்

ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், அவர்களில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் அது கணித்தது. மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. ஏனைய முப்பத்தேழு பேர் எங்கே? அவர்கள் லயங்களிலும் ஜீப் நிலையங்களிலும் கட்டட வேலைத்தளங்களிலும் இருக்கிறார்கள். நமது ஊர்வலங்களிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில் ஆட்சியாளர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு 2023-24இல் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இத்தொகையில் தொழிலாளியின் கூலி எவ்வளவு என்று தனியே கூற வேண்டியதில்லை. அவர் கூலியிலிருந்து வரியாக எடுத்துக்கொண்ட அரசு, அவர் நோயுற்றபின் சிகிச்சையாகத் திருப்பித் தரக் கடமைப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சிகிச்சைச் சட்டம், மதுப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்து, அரசின் செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியுள்ளது. எனவே சிகிச்சை கேட்டுச் செல்லும் தொழிலாளி பிச்சை கேட்கவில்லை.

கேரளத்தில் 2016இல் தொடங்கப்பட்ட விமுக்தி இயக்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் மீட்பு மையம் அமைக்கப்பட்டது. இடுக்கிக்குச் செறுதோணி, பாலக்காட்டுக்கு அட்டப்பாடியிலுள்ள கோட்டத்தறை பழங்குடியினர் மருத்துவமனை. 14405 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம். நாடு முழுவதற்குமான எண் 14446. இவை கிளை அலுவலகத்தின் சுவரில் எழுதப்பட வேண்டியவை.

ஆனால் சிகிச்சை முடிந்து ஒருவர் எங்கே திரும்புகிறார்? அதே லயத்துக்கு, அதே நண்பர்களிடம், வேலை முடிந்த அதே மாலை நேரத்துக்கு. உடலிலிருந்து மதுவை வெளியேற்றச் சில நாட்கள் போதும். மாலைகளை எதனால் நிரப்புவது என்பதற்கு ஆண்டுகள் வேண்டும். துணைக்குழுவின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

இருவர் போதும்

1935, உலகப் பெருமந்தத்தின் காலம். நியூயார்க்கின் பங்கு வணிகத்தில் இருந்த பில் வில்சன் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், அமெரிக்காவின் அக்ரான் நகரத்துக்கு வேலையாக வந்தார். வந்த காரியம் தோற்றது. விடுதியின் மதுக்கூடம் அவரை அழைத்தது. அப்போது அவருக்குத் தோன்றியது ஒன்று: தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் மட்டுமே தான் தப்ப முடியும். தொலைபேசியில் விசாரித்து, அறுவைச் சிகிச்சை மருத்துவரான பாப் ஸ்மித்தைச் சென்று கண்டார். மருத்துவரைத் திருத்தும் எண்ணத்தோடு அவர் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். அந்த வேறுபாட்டை மருத்துவர் உணர்ந்தார். பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளென்று கருதப்படும் 1935 ஜூன் 10, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனப்படும் ஏ.ஏ. அமைப்பின் தொடக்க நாளாயிற்று. இந்தியாவில் அது 1957இல் பம்பாயில் வேரூன்றியது.

வள்ளுவரின் அதே அதிகாரத்தின் பத்தாம் குறள், அறிவுரையின் எல்லையைச் சுட்டிய ஒன்பதாம் குறளை அடுத்தே வழியையும் சுட்டுகிறது. தான் தெளிந்திருக்கும் வேளையில் மற்றொருவனின் மயக்கத்தைக் காண நேர்ந்தால், தன் நிலையும் இதுதானே என்று ஒருவன் எண்ணிப் பார்க்க மாட்டானா என வினவுகிறது அக்குறள். பிறர் சொல்லிப் புரியாதது, பிறரில் தன்னைக் காணும்போது புரிகிறது. துணைக்குழுவின் அடிப்படை இதுவே.

கூட்டத்தில் நடப்பது எளியது. சுமார் ஒன்றரை மணி நேரம் நாற்காலிகளில் அமர்ந்திருப்பார்கள். பேச விரும்புகிறவர் தன் பெயரை மட்டும் கூறி, தான் குடிநோயாளி என்று தொடங்குவார். குடி தன்னை எங்கே கொண்டுசென்றது, எப்படி நின்றது, இன்று எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வார். எவரும் குறுக்கிட்டு அறிவுரை கூறுவதில்லை. கட்டணம் இல்லை; முடிந்தவர் செலவுக்கு ஏதேனும் போடுவார். வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்ற சத்தியமும் அங்கே கேட்கப்படுவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது போதும், நாளையை நாளை பார்க்கலாம் என்பார்கள். சில காலம் குடிக்காமல் இருந்தவர் ஒருவர், புதிதாக வந்தவருக்கு வழித்துணையாக இருப்பார். கை நடுங்கும் நள்ளிரவிலும் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

இது வெறும் ஆறுதலா, பயன் தருவதா? 2020இல் காக்ரேன் நிறுவனத்தின் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அனுபவத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ. வழியில் முறையாக இணைக்கப்பட்டோரில் ஓராண்டு முடிவில் முற்றிலும் குடிக்காதிருந்தோர் நூற்றுக்கு 42 பேர். பிற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். இது அற்புத மருந்து அல்ல. பாதிக்கு மேற்பட்டோர் மீண்டும் தவறுகிறார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது. ஆயினும் பணமின்றி, கட்டில் இன்றி, ஊருக்கு ஊர் நடத்தக்கூடிய ஒன்று இவ்வளவு செய்கிறது என்பது தொழிலாளர் இயக்கம் கவனிக்க வேண்டிய உண்மை.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத கிராமத்தினருக்காக அந்நிறுவனம் 1980களின் இறுதியில் காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் முகாம் நடத்தத் தொடங்கியது. சிகிச்சை ஊருக்கு வந்தது. ஊரும் குடும்பமும் அதில் பங்கேற்றன. மலையிலும் இது செய்யக்கூடியதே.

எழுகின்ற ஐயங்கள்

கட்சித் தோழர்கள் வழக்கமாக எழுப்பும் ஐயங்கள் மூன்று.

முதலாவது: "அங்கே கடவுளைப் பற்றிப் பேசுகிறார்களே?" உண்மைதான். 1939இல் வெளியான பன்னிரு படிகளில் கடவுள் என்ற சொல் இருக்கிறது. ஆனால் உறுப்பினராகத் தேவையானது குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே என்று அவ்வமைப்பின் மூன்றாம் மரபு வகுத்துள்ளது. கடவுள் நம்பிக்கையற்றோர் தனிக்குழுவாகக் கூடும் வழக்கம் சிகாகோவில் 1975 முதல் இருக்கிறது. தன்னைவிடப் பெரிய ஆற்றல் என்று கூறப்படுவதை, எதிரே அமர்ந்திருக்கும் குழு என்றே பொருள்கொள்வோர் பலர். கூட்டுச் செயலின் ஆற்றலை நம்பும் தோழருக்கு இது அந்நியமான கருத்தன்று.

இரண்டாவது: "குடி சுரண்டலின் விளைவு, தனிமனிதர் தெளிந்து என்ன மாறும்?" 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையை எழுதிய எங்கெல்ஸ், அவர்களின் குடிக்கு அவர்களது உழைப்பும் இருப்பிடமுமே காரணம் என்று விளக்கினார், அவர்களைப் பழிக்கவில்லை. ஆனால் காரணம் தெரிந்ததால் நோயாளியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளிக்குக் காசநோய் வந்தால், நெரிசலான குடியிருப்பே காரணம் என்று போராடுகிறோம். அதே வேளையில் மருந்தும் வாங்கித் தருகிறோம். ஆஸ்திரியச் சமூக ஜனநாயகத் தலைவரும் மருத்துவருமான விக்டர் ஆட்லர், குடியிலிருந்து தொழிலாளரை மீட்பதை இயக்கத்தின் வேலையாகவே கருதினார்.

மூன்றாவது: "மதுவிலக்கு வந்தால் போதாதா?" இதே எல்லைமலைகளின் வடக்கே, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியைப் பாருங்கள். அங்கே 1990களிலிருந்தே மதுவிலக்கு. தடையைத் தாண்டி ஆனைகட்டி வழியாகத் தமிழ்நாட்டு மது வந்தது; அதனை எதிர்த்துத் தாய்க்குல சங்கத்தின் பழங்குடிப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் வாளையாற்றை அடுத்த செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் விஷச்சாராயத்துக்கு ஐந்து பேர் பலியாயினர். அரசுக் கடைகள் திறந்தே இருக்கும் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளி நோயாளியாகவே இருக்கிறார். பெண்களின் போராட்டம் வெல்ல வேண்டும்; அத்துடன் அவர்களின் வீட்டு ஆண்கள் சென்று அமர ஓர் அறையும் வேண்டும்.

குழுவைக் கண்டடைவது

இனி, அந்தக் காலையில் வந்து நின்ற தோழரிடம் திரும்புவோம்.

முதலில், அவர் எவ்வளவு காலமாக, எவ்வளவு குடிக்கிறார் என்பதைப் பழிச்சொல் இன்றிக் கேட்க வேண்டும்; பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அடுத்து, அருகிலுள்ள கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எந்த நேரம் என்று மீட்பு மையத்தின் ஆலோசகரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். விசாரிக்கும் வேலையை அவரிடம் விடக்கூடாது. வெட்கம் அவரை முதல் அழைப்பிலேயே நிறுத்திவிடும். அனைவரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும், குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டங்களும் உண்டு. முதல் நாள் திறந்த கூட்டமானால் தோழர் உடன் அமரலாம். மூடிய கூட்டமானால் வெளியே தேநீர்க் கடையில் காத்திருக்கலாம். மலைப்பாதையில் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் தடையாகும் இடத்தில் கிளை அதனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மொழி இன்னொரு தடை. தோட்டத் தமிழருக்கு மலையாளம் தெரியும். கடையிலும் அலுவலகத்திலும் பேசுகிறார்கள். ஆனால் மனைவியை அடித்த இரவைப் பற்றி, மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்த நாளைப் பற்றி ஒருவர் தாய்மொழியில்தான் பேசுவார். எனவே தமிழில் ஒரு கூட்டம் இந்தப் பகுதிக்குத் தேவை. அதற்குப் பெரும் ஏற்பாடு வேண்டாம். அக்ரானில் இருவர்தாம் இருந்தார்கள். குடியை விட்ட இரண்டு தொழிலாளர்கள், வாரத்தில் ஒரு மாலை, ஓர் அறை, ஒரு பானைத் தேநீர்: தொடங்க இது போதும்.

இங்கே கட்சி ஒரு கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும். அந்த அறை கட்சி அலுவலகமாக இருத்தலாகாது. எந்தக் கட்சியோடும் மதத்தோடும் நிறுவனத்தோடும் இணையாதிருப்பது அக்குழுக்களின் மரபு. அம்மரபு இல்லாவிட்டால் மாற்றுச் சங்கத்தின் தொழிலாளி அங்கே வரமாட்டார். நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கொடியை வெளியே நிறுத்துவோம். அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். ஒரே சுவரைப் பங்கிடும் லயத்தில் யார் குடிக்கிறார் என்பது இரகசியமன்று. ஆனால் யார் கூட்டத்துக்குப் போகிறார் என்பது கேலிக்குப் பொருளாகிவிடுகிறது. தேர்தல் நேரத்தில் எதிரணி உறுப்பினரின் குடியைப் பேச்சாக்கும் வழக்கத்தைக் கட்சி தன்னளவில் கைவிட்டாலன்றி, எவரும் நம்மை நம்பி வாய்திறக்க மாட்டார்.

குடும்பத்தையும் மறக்கலாகாது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக அல்-அனான் என்ற தனிக்குழுவை உருவாக்கினர். பகல் முழுவதும் கொழுந்து பறித்து, இரவில் கதவோரம் விழித்திருக்கும் பெண்ணுக்கும் பேச ஓர் இடம் வேண்டும். குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். இரட்டைப் பழிக்கு அஞ்சி அவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். மகளிர் அமைப்பு இதனைத் தன் வேலைத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, தவறுதல் பற்றி. ஆறு மாதம் குடிக்காமலிருந்த தோழர் ஒரு திருமண வீட்டில் தவறிவிடலாம். அமைப்புச் சட்டம் தளர வேண்டும் என்பதில்லை. பொறுப்பிலிருந்து அவரை விலக்கிவைப்பது சில வேளை அவருக்கே நல்லது. ஆனால் நடவடிக்கைக் கடிதத்தோடு கிளையின் உறவும் முடிந்துபோனால், அவரை மீண்டும் கடைவாசலுக்கே அனுப்பியதாகும். தவறிய மறுநாள் அவர் திரும்ப வேண்டிய இடம் அதே கூட்டம். குழு அவரை வந்தமைக்கு நன்றி கூறி அமரச் சொல்லும். கட்சியும் அதைச் செய்யக் கற்க வேண்டும்.

தோழர்களே! ஒவ்வொரு கிளையும் இம்மாதம் இரண்டு வேலைகளை ஏற்கட்டும். மீட்பு மையத்தின் எண்ணையும் அருகிலுள்ள கூட்டத்தின் கிழமையையும் விசாரித்து எழுதிவைப்பது ஒன்று. கேட்டு வருபவருடன் முதல் கூட்டத்திற்குப் போக ஒரு தோழரைப் பொறுப்பாக்குவது மற்றொன்று. அத்தோழர் பேச்சாற்றல் மிக்கவராக இருக்க வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தவராக, வாய் காப்பவராக, கூட்டம் முடியும்வரை காத்திருக்கக்கூடியவராக இருந்தால் போதும்.